கேரம் பவுடரா, பூஞ்சையா? வண்ணாரப்பேட்டை கிளப்பின் வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக்கியபோது

பீரோவிலிருந்து இறக்கிய கேசட்டுகள் அத்தனையிலும் வெள்ளை படிந்திருந்தது. கடற்காற்று வீசுகிற ஊரில் முப்பது வருஷம் கிடந்த விஹெச்எஸ் கேசட்டில் வெள்ளையைப் பார்த்தால், வேறு யோசனையே வேண்டாம், பூஞ்சைதான் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இது கேரம் கிளப் பீரோ. மேல்தட்டில் கேசட், கீழ்த்தட்டில் போர்டுக்குத் தூவுகிற பவுடர் டப்பாக்கள். வருஷக்கணக்கில் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் பறந்த பவுடர் கேசட் மேலும் இறங்கியிருக்கும். எது பவுடர், எது பூஞ்சை என்று பிரிப்பதில்தான் எங்கள் வேலை தொடங்கியது.

கிளப் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டு ஜவுளிக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். வடசென்னையில் கேரம் என்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். உலக சாம்பியன் மரிய இருதயம் 1996-இல் அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கத்தோடு திரும்பியபோது புதுவண்ணாரப்பேட்டையே பட்டாசு வெடித்தது. அந்தக் கொண்டாட்டத்தின்போதுதான் யாரோ கேட்டார்கள்: நம்ம கிளப்பில் பழைய டோர்னமென்ட் வீடியோ எதுவும் இருக்கா? "பீரோல கெடக்குதுப்பா, பாக்கத்தான் டெக் இல்ல" என்றார் செயலாளர் அண்ணன்.

கேசட்டைப் போட்டு ஓட்டுகிற டெக் இல்லை என்பதுதான் உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினை. ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிதாக டெக் செய்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் 2019-இலேயே எச்சரித்தார்கள்: 2025 வாக்கில் காந்த நாடாவை ஓட்டும் கருவி, பாகம், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் மூன்றுமே கிடைப்பது அரிதாகிவிடும் என்று. அந்தக் கெடு முடிகிற நேரத்தில்தான் நாங்கள் பீரோவைத் திறந்தோம்.

பெட்டியில் இருந்தது எண்பதுகளின் கடைசியிலிருந்து இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை எடுத்தவை. பெரும்பாலும் கிளப் நடத்திய டோர்னமென்ட். நடுவில் பொங்கல் விளையாட்டு, உறுப்பினர்களின் கல்யாணம், கிளப்பை ஆரம்பித்த பெரியவரின் இறுதி ஊர்வலம். கல்யாண வீடியோக்காரரையே டோர்னமென்டுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது, கேரம் போர்டு மேல் இதய வடிவத்தில் காட்சி மாறுவதைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

பவுடர் எது, பூஞ்சை எது

கேசட்டின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் முன் மூடி திறக்கும். மேலே கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பு தெரியும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பவுடர் என்றால் பிளாஸ்டிக் ஓட்டின் மேலும் ஸ்டிக்கர் மேலும்தான் அதிகம் இருக்கும், ஊதினால் பறக்கும், துகள் துகளாகத் தெரியும். பூஞ்சை என்றால் சுருளின் விளிம்பில் திட்டுத் திட்டாக, நூலிழை படர்ந்த மாதிரி, சில இடத்தில் வளையமாக இருக்கும். ஊதினால் போகாது. ஊதவும் கூடாது. அந்த வித்துக்கள் நுரையீரலுக்குப் போனால் இருமல் லேசில் விடாது. ஆகவே முகக்கவசம், கையுறை, திறந்த மாடி.

ஆச்சரியம் என்னவென்றால், பவுடர் அதிகம் படிந்திருந்த பல கேசட்டுகளின் உள்ளே பூஞ்சை குறைவு. கேரம் பவுடர் பெரும்பாலும் போரிக் பவுடர்தான், அதற்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு. அதனால்தான் தப்பித்தவை என்று சத்தியம் செய்ய மாட்டேன். மேல்தட்டுக்கு ஈரம் ஏறாதது பெரிய காரணமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பவுடரோடு டெக்கில் போட முடியாது. நாடாவைப் படிக்கிற டெக்கின் ஹெட்டுக்குப் பூஞ்சையும் ஒன்றுதான், பவுடரும் ஒன்றுதான்.

பூஞ்சை பிடித்தவற்றைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, இறுக மூடி, நன்றாகக் காயவிட்டோம். ஈரமாக இருக்கும்போது பூஞ்சை பிசுபிசுக்கும், துடைத்தால் நாடா மேலேயே இழுபடும். காய்ந்தால் உதிரும். வெயிலில் வைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். ஓடு வளையும், நாடா சுருங்கும்.

காய்ந்த பிறகு அடியில் உள்ள ஐந்து திருகுகளைக் கழற்றினால் ஓடு இரண்டாகப் பிரியும். பிரிப்பதற்கு முன்னால் நாடா எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போகிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங் ஒன்று தெறித்து ஓடினால் சந்து முழுக்கத் தேட வேண்டும். சுருளின் விளிம்பை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இழை உதிராத துணியை மடித்து நாடாவின் இரு பக்கமும் லேசாகப் பிடித்தபடி, ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குக் கையால் மெதுவாகச் சுற்றினோம். துணியின் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஓட்டை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தோம். பழைய ஓடு உடைந்திருந்தால் வேறு கேசட்டின் ஓட்டுக்குள் சுருளை மாற்றிவிடலாம், எல்லாம் ஒரே அளவுதான். அந்த வேலைக்கென்று ஒன்றிரண்டு பழைய சினிமா கேசட்டுகளைப் பலி கொடுத்தோம். அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை.

இதில் விளிம்புக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், விஹெச்எஸ் நாடாவில் மேல் விளிம்பில்தான் ஒலி பதிவாகியிருக்கும். கீழ் விளிம்பில் கண்ட்ரோல் டிராக் என்று ஒரு துடிப்புத் தடம் ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் டெக் தன் வேகத்தைச் சரிசெய்துகொள்கிறது. நடுவில்தான் படம். பூஞ்சை விளிம்பிலிருந்துதான் தின்ன ஆரம்பிக்கும். படம் நன்றாக இருக்க, ஹார்ன் ஸ்பீக்கர் வர்ணனை மட்டும் காணாமல் போவதற்கும், படம் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

டெக்

தண்டையார்பேட்டையில் முன்னாளில் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு விட்ட ஒருவரிடம் கேட்டு வாங்கினோம். பர்மா பஜாரில் வாங்கியதாம். பிளே அழுத்தினால் நாடாவை இழுக்கும், சுற்றாது. அப்படி விட்டால் நாடாவைத் தின்றுவிடும். திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்து, தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டியது. ரப்பர் இருக்கிற இடமெல்லாம் அதே நிலைமைதான்: பெல்ட், ஐட்லர், நாடாவை அழுத்திப் பிடிக்கிற பிஞ்ச் ரோலர். பெல்ட்டுக்கு ரிச்சி தெருவில் அளவுக்கு ஏற்றது கிடைத்தது. பிஞ்ச் ரோலரை ஆல்கஹாலில் துடைத்ததும் மினுமினுப்பு போய்ப் பிடிப்பு வந்தது.

அடுத்தது ஹெட். உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம், நம் நாட்டு டிவி முறையான பிஏஎல்-இல் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிற கண்ணுக்கே சரியாகத் தெரியாத முனைதான் ஹெட். நாடா நகர்வதோ நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். அப்போதெல்லாம் படம் தெளிவில்லை என்றால் புது ரூபாய் நோட்டை மடித்து ஹெட்டில் தேய்ப்பார்கள். வேலையும் செய்தது, நோட்டின் சொரசொரப்பு அழுக்கை எடுத்தது. ஹெட் தேய்ந்துபோனதற்கும் அதே சொரசொரப்புதான் காரணம். நாங்கள் ஆல்கஹால் நனைத்த மான்தோல் துணியை டிரம்மின் பக்கத்தில் அசையாமல் வைத்து, டிரம்மை மட்டும் மேலிருந்து விரலால் சுற்றினோம். துணியை மேலும் கீழும் அசைத்தால் ஹெட் முனை ஒடிந்துவிடும், அதோடு டெக்கின் கதை முடிந்தது.

முதலில் ஓட்டியது வீணாய்ப்போன சினிமா கேசட். கிளப் கேசட்டை அதன் பிறகுதான் உள்ளே விட்டோம். ஒவ்வொன்றையும் ஒரு முறை கடைசி வரை சுற்றி, திரும்பச் சுற்றிவிட்டுத்தான் பிளே. வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் ஒரே சீராகும். பின்பக்கத்தில் உள்ள பதிவுத் தடுப்பு நாக்கு உடையாமல் இருந்த கேசட்டுகளில் முதலில் அதை உடைத்தோம். யாராவது கை தவறி ரெக்கார்டை அழுத்தினால் 1992 டோர்னமென்ட் மேல் கறுப்புத்திரை ஏறிவிடும்.

போர்டே சோதனைக் கருவி

டெக்கிலிருந்து நேராக, வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் பிடித்துக் கொடுக்கிற மலிவான யுஎஸ்பி கேப்சர் குச்சிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய நாடா ஒரே சீராக ஓடாது. ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் வரும். பழைய குண்டு டிவி இதைச் சமாளித்துக் காட்டும். கம்ப்யூட்டர் சமாளிக்காது, ஃபிரேம்களைத் தவறவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் காயின் விழுந்த பிறகு சத்தம் வரும். வெளிநாட்டில் இதற்கு டைம் பேஸ் கரெக்டர் என்று தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள், விலை நம்மால் ஆகாது. பலரும் செய்கிற மாற்று வழி, பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் போடுவது. அதில் எதையும் பதிவு செய்வதில்லை. உள்ளே நுழைந்த சிக்னலை அது நேர்ப்படுத்தி வெளியே விடுகிறது, அவ்வளவுதான். பானாசோனிக்கின் ஈஎஸ்-10, ஈஎஸ்-15 மாதிரிகள் இதற்கே பேர்போனவை. எங்களுக்குத் துபாயிலிருந்து வந்த ஒரு ரெக்கார்டர் உறுப்பினர் வீட்டுப் பரணில் கிடைத்தது.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு எந்தச் சோதனை அட்டையும் வேண்டியிருக்கவில்லை. கேரம் போர்டின் மரச்சட்டம் இருக்கிறதே. நேர்ப்படுத்தாதபோது சட்டத்தின் ஓரம் நெளிந்துகொண்டே இருந்தது. பெட்டியை நடுவில் போட்டதும் நேராக நின்றது.

அதே போர்டு இன்னொரு இடத்திலும் உதவியது. பிஏஎல் வீடியோவை 720-க்கு 576 என்ற அளவில்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை. காட்டும்போது 4:3 விகிதத்துக்கு விரித்துக் காட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள். மனிதர்கள் ஒல்லியானால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நேர் மேலிருந்து எடுத்த ஷாட்டில் காயின் நீள்வட்டமாகத் தெரிந்தால் கிளப்பில் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். 74 சென்டிமீட்டர் சதுரப் பலகையும் வட்டக் காயினும் கண் முன்னால் இருக்கும்போது கணக்கே தேவையில்லை.

வெளிச்சம்தான் தகராறு. போர்டுக்கு நேர் மேலே தொங்குகிற விளக்கு, பவுடர் போட்ட வெளிர்ப் பலகை, சுற்றிலும் இருட்டில் முகங்கள். கேப்சர் மென்பொருளின் இயல்பான அமைப்பில் பலகை ஒரே வெள்ளையாக எரிந்து, கோடும் அம்பும் மறைந்துவிட்டன. நாடாவில் அவை இருக்கின்றன, பிடிக்கும்போதுதான் வெட்டுப்படுகின்றன. பிடிக்கும்போது வெட்டுப்பட்டதைப் பிறகு எதனாலும் மீட்க முடியாது. கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, படம் பார்க்கச் சப்பென்று இருந்தாலும் பரவாயில்லை என்று பிடித்தோம். சிவப்புக் காயினும் நடு வட்டமும் தனித்தனியாகத் தெரிந்ததும் அந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டோம்.

பிடித்ததை எதில் சேமிப்பது? நேராக எம்பி4 ஆக்கினால் கோப்பு சின்னதாகும், ஆனால் நாடாவின் குறுமணி இரைச்சலை அமுக்குவதற்காக அது படத்தையே அமுக்கிவிடும். எந்த அமுக்கமும் இல்லாமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிபி. இரண்டுக்கும் நடுவில் எஃப்எஃப்வி1 என்று ஒரு கட்டற்ற முறை இருக்கிறது. இழப்பில்லாமல் சுருக்கும், கோப்பு ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். 2021-இல் ஆர்எஃப்சி 9043 என்ற பொது ஆவணமாகவே அதன் விவரம் வெளியாகியிருப்பதால், நாளைக்கு எந்த மென்பொருள் நிறுவனம் மூடினாலும் கோப்பைத் திறக்க வழி இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமையும் துண்டுகளாகப் பிரித்து அதற்குச் சரிபார்ப்பு எண்ணும் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. எம்கேவி கோப்பு, உள்ளே எஃப்எஃப்வி1 படம், அமுக்காத 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி. இதுதான் எங்கள் மூலப்பிரதி. அடியில் வருகிற கிழிசல் கோடு, ஓரத்துக் கறுப்பு, நடுவில் வருகிற வெற்றுத்திரை எதையும் வெட்டவில்லை.

பார்ப்பதற்கான பிரதி வேறு. இதில் கேரமுக்கென்று ஒரு விஷயம். பழைய வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம் என்று சொன்னாலும், ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரிந்த இரண்டு பாதிகள்; உண்மையில் நொடிக்கு 50 கணங்கள் பதிவாகியிருக்கின்றன. கடைக்காரர்கள் பொதுவாக இதை 25 ஆக்கித் தந்துவிடுவார்கள். கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு அது போதும். ஸ்டிரைக்கர் அடித்துக் காயின் பாக்கெட்டில் விழுகிற வேகத்துக்குப் போதாது, பாதி அசைவு போய்விடும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில், பாதிகளை முழு ஃபிரேம்களாக்குகிற பிடபிள்யூடிஐஎஃப் வடிகட்டி போட்டு 50 ஆகவே வைத்தோம். யூடியூபுக்கு ஏற்றும்போது இன்னொரு சூட்சுமம்: சின்ன அளவுப் படத்துக்கு அது 50 ஃபிரேம் தராது. 960-க்கு 720 என்று வெறுமனே பெரிதாக்கி ஏற்றினால் தரும்.

பளபளப்பு

கிளப் பையன் ஒருவன், நல்ல ஆர்வக்காரன், ஒரு துண்டை எடுத்து மொபைலில் ஏஐ செயலியில் போட்டு 4கே ஆக்கிக் கொண்டுவந்தான். இரைச்சல் போய், நிறம் ஏறி, பார்க்க நேற்று எடுத்தது மாதிரி இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் கைத்தட்டல் பொம்மைகள் பறந்தன.

கிளப்பில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் தாத்தா. அவரிடம் அந்தத் துண்டைக் காட்டினோம்.

"யார்ரா இவன்?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும் தாத்தா. பைனல் ஆடுறவரு."

"நம்ம கிளப்புல இப்டி மூஞ்சி யாருக்குமே கெடையாதே கண்ணு. சினிமாக்காரன் மாதிரி கீறான்."

மூலப்பிரதியைப் போட்டோம். முகம் இருட்டில் மங்கல்தான், அதில் எதுவும் தெரியவில்லை. தாத்தா முகத்தைப் பார்க்கவே இல்லை. "கைய பாரு. ஆள்காட்டி வெரல்ல அட்ச்சா அது வேற ஆளு. இவன் நடுவெரல மடக்கி, கட்டவெரலோட சேத்து சுண்டுறான். சுண்டிட்டு மணிக்கட்ட ஒதறுறான் பாரு, அது ஒருத்தன்தான்" என்று பேரைச் சொல்லிவிட்டார். கொருக்குப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து ஆடுவாராம். இப்போது இல்லை.

ஏஐ பிரதியில் திரும்பப் போய்ப் பார்த்தோம். விரல்கள் மெழுகு பூசியது போல ஒன்றாகியிருந்தன. நான்கு விரலா மூன்று விரலா என்றே தெரியவில்லை. பலகையில் மூலைக் கோட்டின் அம்புக்குறி காணோம், நடுவில் இல்லாத ஒரு வட்டம் கூடுதலாக வந்திருந்தது. செயலியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தெளிவில்லாத இடத்தில் எது இருந்திருக்கும் என்று அது ஊகித்து நிரப்புகிறது. வடசென்னைக் கேரம் ஆட்டக்காரரின் மணிக்கட்டு உதறலை அது எங்கே பார்த்திருக்கப் போகிறது? பையனிடம் இதைச் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டான். இப்போது பளபளப்புப் பிரதி ஏதாவது செய்தால் திரையிலேயே 'ஏஐ மாற்றியது' என்று எழுதுகிறான். மூலப்பிரதிக் கோப்புகள் எல்லாம் திருத்த முடியாதபடி பூட்டியிருக்கின்றன.

இதன் பிறகு பெயர் எழுதும் வேலையைத் தள்ளிப்போடுவதில்லை என்று முடிவானது. ஒரு கேசட் முடிந்ததும் அந்த ஞாயிறே கிளப் டிவியில் ஓடும். பெரியவர்கள் உட்கார்ந்து பேச, ஒருவர் எழுதுவார். ஒவ்வொரு வீடியோவோடும் ஒரு எளிய உரைக் கோப்பு: கேசட் ஸ்டிக்கரில் எழுதியிருந்தது எழுத்துப்பிழையோடு அப்படியே, எந்த நிமிஷத்தில் யார், அதைச் சொன்னது யார், எந்தத் தேதியில். கேமராவின் தேதி முத்திரையை நம்ப முடியாது, பாதிப் பேர் அதில் மணியே வைத்திருக்க மாட்டார்கள். பின்னால் கட்டியிருக்கிற பேனர்தான் உறுதியான சாட்சி. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவிடுகிறோம். எழுதுகிறவர் நடுவர் ஆகக்கூடாது.

நடுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு பைனலில் சிவப்பைப் போட்ட பிறகு ஃபாலோ, அதாவது அதைத் தொடர்ந்து போட வேண்டிய தன் காயின், விழுந்ததா இல்லையா என்று கிளப்பில் தலைமுறை கடந்த வழக்கு ஒன்று உண்டு. கேசட் கிடைத்ததும் இரு தரப்பும் தீர்ப்புக்காக வந்து உட்கார்ந்தார்கள். சிவப்பு விழுகிறது. கூட்டம் கத்துகிறது. கேமரா அப்படியே திரும்பி, சிறப்பு விருந்தினர் கோல்ட் ஸ்பாட் குடிப்பதைக் காட்டுகிறது. திரும்பி வரும்போது பலகையில் அடுத்த ஆட்டத்துக்குக் காயின் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கு ஒத்திவைப்பு.

போட்டோக்கள்

இதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கிளப்புக்குள் தண்ணீர் வந்தபோது கீழே இருந்த ஆல்பங்கள் நனைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காய்ந்து ஒட்டியதை உரித்தால் ஒரு படத்தின் முகம் இன்னொன்றின் முதுகில் போய்விடும். நனைந்த உடனேயே நல்ல குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லப் பிரித்துக் காயவைத்திருந்தால் பெரும்பாலானவை தப்பியிருக்கும். அடுத்த வெள்ளத்துக்காக இதைக் கிளப் சுவரில் எழுதியே ஒட்டிவிட்டோம். சட்டம் போட்ட படங்களில் கண்ணாடியோடு ஒட்டிப்போனவற்றைக் கண்ணாடியோடுதான் ஸ்கேன் செய்தோம்.

பிரின்ட் என்றால் 600 டிபிஐ, டிஃப் கோப்பு. நெகட்டிவ் சுருள் என்றால் 3200. படத்தின் முதுகையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும், ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரையும் பால்பாயின்ட் பேனாவில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். ஸ்கேனரில் தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி இருந்தால் கலர் நெகட்டிவுக்கு மட்டும் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள் என்பதால் அதையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். எண்பதுகளின் கலர் பிரின்டுகள் சிவந்துபோயிருக்கின்றன, அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் கல்லு மாதிரி நிற்கின்றன.

'சாதாரண ஆளுங்க போட்டோ, இதையெல்லாம் யார் பாக்கப் போறாங்க' என்ற கேள்வி வந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அருகும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அதில் இருப்பவர்களும் பட்டுப்புடவை கட்டி, திரைச்சீலை முன்னால் விறைப்பாக நிற்கிற நம் பாட்டிகள்தான். அதைச் சொன்னேன்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றவில்லை. கல்யாணமும் சாவும் அந்தந்த வீட்டுக்குத்தான், பென்டிரைவில் கொடுத்தாயிற்று. டோர்னமென்ட் வீடியோக்களில் இடைவேளைக்கு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போட்டிருக்கிறார்கள். ஏற்றினால் உரிமை கேட்டு அறிவிப்பு வருகிறது. பாட்டை மட்டும் நீக்கும் பொத்தானை அழுத்தினால் அதோடு வர்ணனையும் அடிபடுகிறது. அந்தப் பகுதியை யூடியூப் பிரதியில் வெட்டி, மூலத்தில் முழுசாக வைத்திருக்கிறோம்.

மூலப்பிரதி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று இங்கேயே இரண்டாம் மாடியில், இன்னொன்று தாம்பரத்தில் உறுப்பினர் வீட்டில். ஒரே மழை இரண்டையும் நனைக்கக் கூடாது. மூன்றாவதாக ஆன்லைனில் ஒன்று, மாதக் கட்டணத்துக்குச் செயலாளர் அண்ணன் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண் எடுத்து ஒரு பட்டியல்; கோப்பில் துளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கேசட்டுகளைத் தூக்கிப் போடச் சொன்னவர்கள் உண்டு. போடவில்லை. ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, நெட்டுக்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்திருக்கிறோம். பவுடர் டப்பா வேறு பீரோவுக்குப் போயிற்று, ஹார்ன் ஸ்பீக்கரும் அதன் காந்தத்தோடு வெளியே.

கிளப் ஆரம்பித்த பெரியவரின் இறுதி ஊர்வலக் கேசட் மட்டும் இன்னும் முடியவில்லை. கீழ் விளிம்பைப் பூஞ்சை நன்றாகத் தின்றிருக்கிறது. டிராக்கிங்கை எப்படித் திருப்பினாலும் படம் நிற்கவில்லை, கானா பாடுகிறவர்களின் குரல் மட்டும் நன்றாக வருகிறது. குரலைத் தனியாக எடுத்து வைத்தாயிற்று. படத்துக்கு விஹெச்எஸ்-டிகோட் என்ற கட்டற்ற மென்பொருள் முறையைப் பார்க்கப் போகிறோம். அதில் ஹெட்டிலிருந்து வருகிற ரேடியோ சிக்னலையே நேராகப் பிடித்து, மீதி வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்கு டெக்கைத் திறந்து ஹெட் ஆம்ப்ளிஃபையரில் ஒயர் இழுக்க வேண்டும், இருக்கிற ஒரே டெக்கில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். வியாசர்பாடியில் ஒருவர் வீட்டில் ஓடுகிற நிலையில் ஒன்று இருக்கிறதாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துத் திரும்ப உறை போட்டு மூடிவிடுகிறாராம். தாத்தாவைத் தூது அனுப்பியிருக்கிறோம்.